குதிரை ட்ரெய்லர் வாங்கினேன்: ரம்பொடை இறக்கம் கற்றுத் தந்தவை

இலங்கையில் சொந்தமாகக் குதிரை ட்ரெய்லர் வைத்திருப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாங்குவதற்கு முன் தமிழில் யாராவது இதைப் பற்றி எழுதியிருக்கிறார்களா என்று நானும் தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் எழுதியது நிறைய இருக்கிறது. அதெல்லாம் அகலமான நெடுஞ்சாலைக்கும் குளிர் தேசத்துக்கும் எழுதியது. நம் மலைப்பாதையையும் கொழும்பு வெக்கையையும் அவர்கள் கண்டதில்லை. வாங்கிய விலைக்கு மேல் இன்னும் நாலரை லட்சம் கொட்டி, ஒரு மழைநாளில் இரண்டு குதிரைகளோடு ரோட்டோரம் செய்வதறியாமல் நின்ற பிறகு, இதை எழுதிவைக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

நான் இருப்பது வெள்ளவத்தையில், குதிரைகள் நிற்பது ஹோமாகம பக்கம் ஒரு லாயத்தில். ஒரு பெட்டை, பெயர் சுந்தரி. இன்னொன்று விதையடித்த ஆண் குதிரை, கேப்டன். இரண்டுமே இந்தியாவிலிருந்து வந்து பந்தயம் ஓடி ஓய்ந்தவை, இப்போது மகள் சவாரி செய்கிறாள். கொழும்பு ரேஸ்கோர்ஸ் 1893இல் தொடங்கியது. 1956இல் பந்தயத்தை நிறுத்தினார்கள். இன்றைக்கு அங்கே ரக்பி விளையாடுகிறார்கள். குதிரைக்காரர்களுக்கெல்லாம் கூடுமிடம் ஏப்ரலில் நுவரெலியாதான். கொழும்பில் அந்த மாத வெயில் குதிரைக்கு ஆகவே ஆகாது. அதனால் பந்தயம் இருக்கிறதோ இல்லையோ, சில வாரம் மலையில் கொண்டுபோய் நிறுத்திவைப்பது எங்கள் வழக்கம்.

முன்பெல்லாம் லொறி பிடித்துத்தான் போவோம். லொறியின் பலகை நெஞ்சளவு உயரம். மண்மேடு இருக்கும் இடம் பார்த்து லொறியைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டி நிறுத்தி ஏற்ற வேண்டும். ஒருமுறை இடைவெளியில் கால் நழுவிக் கேப்டனுக்கு முன்காலில் தோல் உரிந்து எலும்பு தெரிந்தது. ஓட்டி வருபவருக்குக் குதிரை என்றால் என்ன, சிமெந்து மூட்டை என்றால் என்ன, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துத்தான் பழக்கம். உள்ளே நிற்கும் குதிரைக்குப் பிடித்துக்கொள்ளக் கை கிடையாது. நாலு காலையும் அகட்டி வைத்து உடம்பை முறுக்கித்தான் விழாமல் நிற்கிறது. போய் இறங்கும்போது தொடை நடுங்கும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் சொந்தமாக ஒரு ட்ரெய்லர் வேண்டும் என்று முடிவெடுத்தேன். அந்த ஆசை சரியானதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். தாழ்வான ரேம்ப், குதிரை தானாக நடந்து ஏறும். நடுவில் தடுப்பு, நெஞ்சுக்கு முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி, சாய்ந்து நிற்க இடம். ஓட்டுவதும் நாமே. ஒழுங்கான ட்ரெய்லரில் போன குதிரை இறங்கியவுடன் புல்லைத் தேடும். லொறியில் போனது தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். இந்த வித்தியாசத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றுபோனதால், நான் தேடிய காலத்தில் ஊருக்குள் ஏற்கெனவே இருந்த பழையதைத்தான் வாங்க முடிந்தது. நாட்டை விட்டுப் போகும் ஒருவரிடம் இரண்டு குதிரை ஏறும் பிரிட்டிஷ் ட்ரெய்லர் ஒன்று இருந்தது. பளபளவென்று புதுப் பெயிண்ட், தரையில் கறுப்பு ரப்பர் மெட். ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். 21 லட்சம் ரூபா. "லொக்டவுன் முழுக்க நிழலில்தான் நின்றது, ஓட்டமே இல்லை" என்று விற்றவர் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் அது நல்ல செய்தியாகத்தான் பட்டது. இன்றைக்கு அதே வார்த்தையை யாராவது சொன்னால் பத்து மடங்கு கவனமாகப் பார்ப்பேன். ஓடாமல் நின்ற ட்ரெய்லரில் பிரேக் துருப்பிடித்து இறுகும், டயர் ரப்பரில் உள்ளுக்குள் வெடிப்பு விடும், பலகை சத்தமில்லாமல் உளுக்கும்.

வாங்குகிறவர்கள் எல்லோரும் ட்ரெய்லரையே சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அதை இழுக்கப்போகும் வண்டியை. கணக்கு இதுதான்: இந்த வகை இரட்டைக் குதிரை ட்ரெய்லர் வெறுமனே 900 முதல் 1,000 கிலோ இருக்கும். பந்தய இனக் குதிரை ஒன்று 450 முதல் 500 கிலோ. இரண்டை ஏற்றி, சேணம், தண்ணீர்க் கான், புல் எல்லாம் வைத்தால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். உங்கள் டபள் கெப் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கும், வண்டி விற்பவர் வாயால் சொல்லும் கணக்கு வேண்டாம். இழுக்க முடிந்தால் மட்டும் போதாது, அந்த எடையை இறக்கத்தில் நிறுத்தவும் வண்டிக்குத் தெம்பு வேண்டும். ட்ரெய்லரைக் கொளுவ வண்டியின் பின்னால் பொருத்தும் டோ பாரும் அப்படித்தான். அழகுக்குப் பொருத்திய பார்களை நம் ஊரில் நிறையப் பார்க்கலாம், சேசியில் போல்ட் போட்டுப் பிடித்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். அப்புறம் கடதாசி வேலை. ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டா, உங்கள் லைசன்ஸ் வகுப்புக்கு எவ்வளவு எடையுள்ள ட்ரெய்லர் இழுக்க அனுமதி என்பதையெல்லாம் காசு கொடுப்பதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: ட்ரெய்லர் கவிழ்ந்தால் உள்ளே இருக்கும் குதிரைக்கு என்ன? எனக்குக் கிடைத்த பதில், குதிரை இதில் சேராது என்பது. வாரக்கணக்கில் அலைந்துதான் அந்தப் பதிலே கிடைத்தது.

ஏறும்போது எந்தப் பிரச்சினையும் இல்லை. அதிகாலை நாலு மணிக்குப் புறப்பட்டு, கண்டி வீதியில் கடுகண்ணாவை தாண்டி, பேராதனையில் திரும்பிக் கம்பளை, புஸ்ஸல்லாவை, ரம்பொடை என்று மெதுவாக ஏறினோம். எஞ்சின் முனகியது, அவ்வளவுதான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறியதை எல்லாம் இறங்கியாக வேண்டும் என்பதுதான் சங்கதி. திரும்பிக் கம்பளைக்கு வருவதற்குள் 1,300 மீட்டருக்கு மேல் இறங்குகிறோம், அதுவும் வளைந்து வளைந்து. 2025 மே மாதம் கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அதே பாதை.

பிரிட்டிஷ் ட்ரெய்லர்களில் இருப்பது ஓவர்ரன் பிரேக். முன்னால் போகும் வண்டி வேகம் குறைந்தால், பின்னால் வருவது தன் எடையால் முன்னே தள்ளும். அந்தத் தள்ளலில் இணைப்புத் தண்டு உள்ளே அமுங்கி, கேபிளை இழுத்து, ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும். கரண்ட் வேண்டாம், ஓட்டுபவர் தனியாக எதுவும் செய்ய வேண்டாம். சமதரையில் அருமையாக வேலை செய்கிறது. நீண்ட இறக்கத்தில் கதை வேறு. நீங்கள் ஒழுங்காக இரண்டாம் கியரில் எஞ்சினால் பிடித்துக்கொண்டு இறங்கினாலும் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டேதான் இருக்கும், அதன் பிரேக்கும் பிடித்தபடியே இருக்கும். சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம் சூடேறிக்கொண்டே போகும். அமெரிக்க ட்ரெய்லர்களில் வருகிற எலெக்ட்ரிக் பிரேக்கில் ஓட்டுபவர் கைக்குப் பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும், எவ்வளவு பிடிக்க வேண்டும் என்பதை அதில் கூட்டிக் குறைக்கலாம். மலைக்குப் போகிறவருக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம். ஆனால் அந்த வயரிங்கைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த கராஜ் வேண்டும்.

திரும்பிய நாளில் காலையிலிருந்தே மழை. நானும் குதிரை பார்க்கும் தம்பியும் மட்டும்தான். தம்பி தோட்டத்துப் பிள்ளை, நுவரெலியாவிலேயே குதிரைகளோடு வளர்ந்தவன். ரம்பொடை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் அவன் மூக்கைச் சுளித்து, "சேர், பிரேக் லைனர் கருகிற மணம் வருது" என்றான். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் இடது பக்கப் பின்சக்கரத்திலிருந்து புகை. விழுகிற மழைத்துளி டிரம்மில் பட்டுச் சீறுகிறது. பக்கத்துக் கடையிலிருந்து ஒருவர் நல்ல மனசோடு ஒரு வாளி தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தம்பி குறுக்கே நின்று தடுத்துவிட்டான். கொதிக்கும் டிரம்மில் தண்ணீரை அடித்தால் இரும்பு வெடித்துப் பிளந்துவிடும். சூடு தானாக ஆறும்வரை விடத்தான் வேண்டும். ட்ரெய்லரின் ஹேண்ட் பிரேக்கையும் போட வேண்டாம், இறுகிக்கொள்ளும். சக்கரத்துக்குக் கல் வைத்தால் போதும். உள்ளே சுந்தரி வாசலைக் காலால் உதைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு உதைக்கும் ட்ரெய்லர் முழுக்க அதிர்ந்தது. வளைவில் பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி உரசிக்கொண்டு போகின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை.

குதிரைகளை ரோட்டில் இறக்கிவிடலாமா என்று நான் கேட்டதற்குத் தம்பி ஒரே பிடியாக "வேணாம் சேர், கேட் இருக்கிற இடத்துக்குப் போவம்" என்றான். அவன் சொன்னதுதான் சரி. மிரண்ட குதிரையின் கயிறு கைநழுவினால் அந்த வளைவில் குதிரையும் போகும், மோதும் வண்டியில் இருப்பவரும் போவார். கொஞ்சம் ஆறியதும் ஊர்ந்து ஊர்ந்து கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலை முற்றம் வரை போனோம். காவலாளி ஐயா ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்டைத் திறந்துவிட்டு, நாங்கள் உள்ளே போனதும் பூட்டிவிட்டார். அங்கே கேப்டனை இறக்கும்போது, பின்னால் ஒரு அடி வைத்தான், 'கரக்' என்று ஒரு சத்தம். மெட் பள்ளமாக உள்ளே போனது. பயந்து அவனே காலை இழுத்துக்கொண்டான், கடவுள் புண்ணியத்தில் கீறல்கூட இல்லை. சுந்தரியையும் இறக்கிய பிறகு, ஒட்டியிருந்த மெட்டின் ஓரத்தைக் கிழித்துத் தூக்கிப் பார்த்தோம். பலகை கறுத்து, ஊறிய பிஸ்கட் மாதிரி இருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினேன், பிடிவரைக்கும் இறங்கியது. மூத்திர நெடி முகத்தில் அடித்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பலகை போயிருந்தால் அவன் கால் தார் ரோட்டில் உரசிக்கொண்டே வந்திருக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிந்தும் இருக்காது. மெட்டை எதற்காகப் பசை போட்டு ஒட்டினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுக்க ஆறவில்லை.

அன்றிரவு கம்பளையிலிருந்து லொறி வரவழைத்துக் குதிரைகளைக் கொழும்புக்கு அனுப்பியதற்கு 85,000 ரூபா. ட்ரெய்லரை வேறொரு லொறியில் ஏற்றிக் கொண்டுவர 60,000. தரை முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் போட 1,35,000. பிரேக் லைனர், கேபிள், பேரிங், இணைப்புத் தண்டை மெதுவாக அமுங்கவைக்கும் டேம்பர் எல்லாம் சேர்த்து 70,000. டேம்பர் இங்கே கிடைக்காமல், லண்டனில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வரும்போது சூட்கேசில் கொண்டுவந்தார். அதற்காகவே ட்ரெய்லர் மாதக்கணக்கில் சும்மா நின்றது. நாலு டயர் 1,04,000. இவ்வளவும் வாங்குவதற்கு முன் அரை நாள் செலவழித்துப் பார்த்தால் தெரிந்துவிடக்கூடிய கோளாறுகள். என்ன பார்ப்பது என்று சொல்ல ஆள் இருந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதைச் சொல்லிவிடுகிறேன். மெட்டைத் தூக்கிக் காட்ட மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தூக்கினால், குதிரையின் பின்கால் நிற்கும் இடத்திலும் ஓரங்களிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மூத்திரம் சேருமிடம் அதுதான். பிறகு கீழே படுத்து அடியிலிருந்தும் பாருங்கள். அலுமினியத் தரை என்றால் உளுக்காது என்று நினைக்க வேண்டாம், மூத்திரம் அதையும் அரித்துப் பொடிப்பொடியாகக் குழி விழவைக்கும். நாங்கள் மொறட்டுவையில் வைர மரப் பலகை எடுத்து, தண்ணீர் வடிய இடைவெளி விட்டு அடித்தோம். மெட்டை ஒட்டவில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் மெட்டை வெளியே எடுத்துக் கழுவி, தரை காய்ந்த பிறகுதான் திரும்பப் போடுகிறோம். கொழும்பு ஈரப்பதத்தில் இந்த வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலே பூஞ்சணம் பிடித்துவிடும்.

டயரில் பட்டன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து ஏமாற வேண்டாம். ட்ரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிடக் கிழண்டு சாவதுதான் அதிகம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பஞ்சிகாவத்தையில் தேடினால் பாரம் தாங்கும் எட்டு பிளை டயர் கிடைக்கும், சாதாரணக் கார் டயரைத் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். ஒரு மரத்துண்டைச் சரிவாக வெட்டி ட்ரெய்லருக்குள் எப்போதும் வைத்திருங்கள். இரட்டை அச்சு ட்ரெய்லரில் ஒரு டயர் போனால், அதே பக்கத்து நல்ல சக்கரத்தை அந்தச் சரிவில் ஏற்றி நிறுத்தினால் போதும், போன சக்கரம் தானாகத் தரையை விட்டு எழும். சக்கரத்தைத் தூக்கும் ஜாக்கி வேண்டாம், குதிரையை இறக்கவும் வேண்டாம். டேம்பரைப் பார்ப்பதும் எளிது: ட்ரெய்லர் பிரேக்கைப் போட்டு இணைப்புத் தண்டை உள்ளே தள்ளினால் கெட்டியாக, மெதுவாக அமுங்க வேண்டும். லொடக்கென்று போனால் டேம்பர் செத்துவிட்டது. எங்கள் ட்ரெய்லரில் அதோடு ஒரு பக்க லைனர் துருவால் விரிந்தபடியே இறுகி நின்றிருக்கிறது என்று கராஜ் பாஸ் கழற்றிக் காட்டினார். இப்போது மலையிலிருந்து இறங்கும்போது சில கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்துக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சூடு பார்க்கிறேன். ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அனலடித்தால் அங்கேயே நின்றுவிடுவோம்.

குதிரைப் பக்கத்து விஷயங்களில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒன்று, கம்பியும் கயிறும் போடும் ஒழுங்கு. ஏற்றும்போது பின்கம்பியைப் போட்ட பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது கயிற்றை அவிழ்த்த பிறகுதான் பின்கம்பியைத் திறக்க வேண்டும். மாற்றிச் செய்தால் கட்டிய தலையோடு குதிரை பின்னால் பாயும், அதில் கழுத்து முறிந்த கதைகள் உண்டு. இரண்டாவது, தலையைத் தாழ்த்த விடுவது. தலையை உயர்த்திக் கட்டியபடி மணிக்கணக்கில் நின்றால் மூக்கிலும் தொண்டையிலும் சேர்கிற தூசியும் சளியும் வெளியே வராமல் நுரையீரலுக்கு இறங்கிக் காய்ச்சல் பிடிக்கும். நாலு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் தலையைக் கீழே விடச் செய்து தண்ணீர் காட்டுங்கள். ஊர் வந்த பிறகும் மூன்று நாள் காலை மாலை உடல் வெப்பம் பாருங்கள், 38.5 செல்சியசைத் தாண்டினால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நண்பகலில் கொழும்பு நெரிசலில் மாட்டிக்கொண்டால் உள்ளே காற்றே இருக்காது, அதனால் விடியும் முன்பே நகரத்தைத் தாண்டிவிட வேண்டும். ஒரே ஒரு குதிரையை ஏற்றினால் வலது பக்கம், அதாவது ஓட்டுபவர் பக்கம் நிறுத்துங்கள். நம் ரோடு இடப்பக்கம் சரிந்திருக்கும்.

இவ்வளவும் பட்ட பிறகு ஏன் இன்னும் விற்கவில்லை என்று கேட்பார்கள். சுந்தரிக்கு ஒருநாள் இரவு வயிற்றுவலி வந்தது. மண்ணைப் பறிக்கிறாள், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், படுத்து உருளப் பார்க்கிறாள், மத்தியானத்திலிருந்து லத்தி இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றுவலி என்றால் மணிக்கணக்கில் உயிரே போகும். மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு எண்ணெய் கொடுத்துப் பார்த்துவிட்டு, பேராதனைக்குக் கொண்டுபோங்கள் என்றார். மிருக வைத்திய பீடம் இருப்பது அங்கேதான். நள்ளிரவு. அந்த நேரத்தில் எந்த லொறிக்காரர் வருவார்? ட்ரெய்லர் லாயத்து வாசலில் நின்றது, புறப்பட்டோம். ஓடும்போது உள்ளே ஆள் நிற்கக் கூடாது என்பதால் சின்னக் கேமரா ஒன்று பொருத்தியிருந்தோம். வழி முழுக்கத் தம்பி அந்தத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கேகாலை தாண்டியதும் "சேர், லத்தி போட்டுட்டா!" என்று கத்தினான். ட்ரெய்லரின் ஆட்டத்தில் வாயு கலைந்து வயிறு இளகியிருக்க வேண்டும். பேராதனையில் ஒருநாள் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அன்றோடு ட்ரெய்லரை விற்கும் பேச்சு எங்கள் வீட்டில் நின்றுபோனது.

வருடத்துக்கு ஒருமுறை ஏப்ரலுக்கு மட்டும் மலைக்குப் போகிறவர் நீங்கள் என்றால் வாங்க வேண்டாம், நல்ல லொறிக்காரர் ஒருவரைப் பழக்கிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டு குதிரைக்குப் போய்வர எனக்கு ஆன லொறிக்கூலி ஒன்றேகால் லட்சத்துக்குள்தான். ட்ரெய்லர் சும்மா நின்றாலும் டயர், கிரீஸ், பெயிண்ட், இன்சூரன்ஸ் என்று தின்றுகொண்டே இருக்கும். கடற்காற்றில் இரும்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. வெள்ளவத்தை ஒழுங்கைகளில் நிறுத்த இடமும் கிடையாது. ஒரே லாயத்தில் மூன்று நாலு பேர் குதிரை வைத்திருந்தால் சேர்ந்து வாங்குவது மிக நல்லது. இப்போது நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், மூன்று வீடுகள் பங்கு. யார் எடுத்தாலும் கழுவிக் காயவைத்துத் தருவது, யார் ஓட்டலாம், பழுது வந்தால் யார் கட்டுவது என்பதையெல்லாம் முதலிலேயே கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். நட்பு கெடாமல் இருக்க அது உதவுகிறது.

பழைய ட்ரெய்லர் பார்க்கப் போகிறவர்கள் மழை பெய்த மறுநாள் காலையில் போங்கள். கூரை ஒழுகுகிறதா, மெட்டுக்கடியில் ஈரம் நிற்கிறதா என்பது அன்றைக்குத்தான் தெரியும். கையில் ஒரு டோர்ச், ஒரு ஸ்குரூ டிரைவர், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய சாக்கு. முடிந்தால் குதிரை தெரிந்த ஒருவரையும் வெல்டிங் தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போங்கள், அவர்களுக்கு ஒருநாள் கூலி கொடுத்தாலும் பரவாயில்லை.